அக்காவுக்குக் கடல் எழுதிக் கொடுத்தேன்

"விருப்பப் பாடம்" என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. ஆளைக் கண்டால் நாலு வார்த்தை கேட்க இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பெட்டையிடம் ஒரு படிவத்தை நீட்டி, உமக்கு எது விருப்பமோ அதைத் தெரிவுசெய்யும் என்றால் அவள் எதைத் தெரிவுசெய்வாள்? தனக்கு ஒரு காலத்திலும் உதவாததைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். இத்தனை வருடமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. பாதி என்மேல், பாதி மற்ற எல்லார்மேலும்.

கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அந்தப் படிவம் வந்தது. ஒரு பக்கத்தில் காணிச் சட்டம், தேசவழமை, உறுதி எழுதும் முறை. மறுபக்கத்தில் சர்வதேசச் சட்டம், ஒப்பீட்டு அரசியலமைப்பு, கடற் சட்டம். சரவணையிலிருந்து அப்பா கடிதம் போட்டிருந்தார். தபால் கந்தோரில் வேலை செய்தவர், முத்திரையை வீணாக்க மாட்டார், இரண்டே வரி: "காணிச் சட்டத்தை எடு. எங்கள் தீவில் ஆட்கள் சண்டை பிடிப்பது காணிக்குத்தான்."

வாசித்துவிட்டுச் சிரித்தேன். காணிச் சட்டமாம்! தேசவழமையாம்! (முதுசம், சீதனம், புருசன் பெண்சாதி உரிமை என்று யாழ்ப்பாணத்தார் சொத்தைப் பற்றிய எங்கள் பழைய சட்டம் அது.) அதெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கிழவர்களின் வேலை என்று நினைத்தேன். நான் போகப்போவது ஹேக் நகரத்துக்கு. அங்கே இரண்டு நாடுகள் ஒரு கற்பாறைக்காக அடிபடும்போது கறுப்பு அங்கியோடு எழுந்து நின்று வாதாடப்போகிறவளுக்கு பக்கத்து வளவுச் செல்லம்மாவின் வேலிப் பிரச்சினை எதற்கு? கடற் சட்டத்துக்குப் புள்ளடி போட்டேன். (உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காணிச் சட்டமும் தேசவழமையும் காலை எட்டு மணி வகுப்புகள். கடற் சட்டம் பத்து மணிக்கு.)

கடற் சட்டத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். நாடுகள் தங்கள் கடலை எந்தக் கோட்டிலிருந்து அளக்கின்றன என்ற கேள்விக்கு எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன்.

படிப்பு முடிந்ததும் ஒரு சட்டத்தரணியிடம் ஆறுமாதம் பயிற்சி. அவர் கடிதம் தந்தால்தான் நாங்கள் சட்டத்தரணி. கொழும்பில் கப்பல் வழக்குப் பேசுகிற ஒருவரிடம் இடம் பிடித்து வைத்திருந்தேன். அதற்குள் எண்பத்துமூன்று ஆடி வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். பிறகு ஒருமாதிரிப் போய்ப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு வந்தேன். பயிற்சிக்குத் திரும்பவும் கொழும்பு போக அப்பா விடவில்லை.

"ஊர்காவற்றுறையிலை அம்பலவாணர் இருக்கிறார். போய் அவரிட்டைப் பழகு" என்றார்.

அம்பலவாணர் பழைய பிறக்கிராசி. வழக்கும் பேசுவார், காணி உறுதிப் பத்திரமும் எழுதுவார். பத்திரிகையை மரண அறிவித்தல் வரைக்கும் வாசிப்பார். அதைத் தவிர வேறொன்றும் வாசிக்க மாட்டார். அவருடைய கந்தோரில் எனக்கு ஒரு கால் ஆடுகிற கதிரையைத் தந்து, பழைய உறுதிகளைப் பார்த்துப் புதிய உறுதி எழுதச் சொன்னார்.

"பழசைப் பார்த்து அப்பிடியே எழுதும். பேரையும் திகதியையும் மட்டும் மாத்தும். வேறை ஒண்டிலையும் கை வையாதையும்" என்பதுதான் மொத்தப் பயிற்சியும். ஹேக் நகரத்துக்குப் போகவேண்டியவள் சரவணையிலிருந்து பஸ் ஏறி வந்து "மேற்படி காணி" என்று நாளுக்கு நாற்பது தரம் எழுதிக்கொண்டிருந்தேன். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். வீட்டுக்கு வந்தால் பூனைகூட எனக்குப் பக்கத்தில் வராது.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. அக்கா என்னைவிட மூன்று வயது மூப்பு, பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சிவபாலன், புங்குடுதீவு மடத்துவெளி. வவுனியாவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அவருடைய தகப்பன் நடராசர் கொழும்பில் கடை வைத்திருந்தவர். கடை எண்பத்துமூன்றில் எரிந்ததும் ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். சீதனமாக அவர் கேட்டது எங்கள் கரைவளவை. கடற்கரையோடு இருக்கிற தென்னங்காணி.

சீதனம் ஒழியவேண்டும் என்று மாணவர் மேடையில் தொண்டை கிழியப் பேசியவள் நான். அதே நான்தான் அக்காவின் சீதன உறுதியை எழுத உட்கார்ந்தேன். "வீட்டுக்குள்ளையே ஒரு சட்டக்காரி இருக்கேக்கை வெளியாலை என்னத்துக்கு?" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், சொல்லத்தான் இல்லை.

பழைய உறுதியை எடுத்துப் பார்த்தேன். கிழக்கு ஒழுங்கை, வடக்கு செல்லம்மா பங்கு, மேற்கு கோயிற்காணி, தெற்கு கடல்.

தெற்கு கடலாம்! இதுவும் ஒரு எல்லையா? எதுவரைக்கும்? புங்குடுதீவு வரைக்குமா, அந்தாட்டிக்கா வரைக்குமா? இப்படி எழுதினவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சட்டம் படிப்பித்தார்கள்? எனக்கு வந்த கோபத்தில் பேனை தாளைக் கிழித்தது. புதுத் தாள் எடுத்து, எட்டுப் பக்கம் எழுதின கையால் ஒழுங்காக ஒரு எல்லை எழுதினேன்: "தெற்கு: கடலின் வற்றுநீர்க் கோடு, அதாவது நீர் ஆகக் கூடுதலாக வற்றும் வேளையில் தரையும் நீரும் சந்திக்கும் கோடு, அக்கோடு வரைக்குமுள்ள சகல நிலமும், அதில் நிற்பனவும், அவற்றின் சகல உரித்துகளும்."

எழுதிவிட்டு மூன்றுதரம் வாசித்து ரசித்தேன்.

சரவணைத் தெற்குக் கரையைத் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அது பரவைக் கடல். முழங்காலளவுத் தண்ணீர்தான். வற்றினால் அரைமைல் தூரத்துக்கு வெறும் சேறும் சாதாளைப் பூண்டும் தெரியும். அந்த அரைமைலுக்குள்தான் கரையில் இருக்கிற கடற்றொழிலாளர்களின் களங்கட்டிகள் நின்றன. தடிகளை நட்டு வலையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். வெள்ளத்தோடு வருகிற மீன் வற்றும்போது உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். பிறந்ததிலிருந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த மீனைத் தின்றுதான் வளர்ந்தேன். உறுதி எழுதும்போது அது ஒன்றும் என் கண்ணில் படவில்லை, ஜெனீவாவில் கூடி எழுதின வசனங்கள்தான் தெரிந்தன.

உறுதி முடிக்க அம்பலவாணர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் சாய்ந்து தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, "நீரே வாசியும் பிள்ளை" என்றார். நான் ஒரே மூச்சில் வாசித்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் கேட்டாள்.

"வற்றுநீர்க் கோடு எண்டா என்னடி?"

"அது சட்டச் சொல். உனக்கு விளங்காது. கையெழுத்தை வை."

வைத்தாள். அப்பா வைத்தார், இரண்டு சாட்சிகள் வைத்தார்கள். அம்பலவாணர், இந்த உறுதியைத் தானே வாசித்து விளங்கப்படுத்தியதாக எழுதியிருந்த இடத்துக்குக் கீழே ஒப்பமிட்டுவிட்டு இரண்டாவது வடையை எடுத்தார்.

நடராசர் ஒரு படியைக் கொண்டுபோனார். உலகத்திலேயே அந்த உறுதியை ஒழுங்காக வாசித்த ஒரே மனிதர் அவர்தான். வாசித்து விளங்கியும் கொண்டார். நாலாம் நாள் வற்று நேரம் பார்த்து இரண்டு கூலியாட்களோடும் ஒரு வண்டில் நிறையக் கிளுவங் கதியால் தடிகளோடும் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து மனிசனுக்கு ஒரு துண்டுக் காணி கிடைத்தால் முதலில் என்ன செய்வான்? வேலி அடைப்பான். நடராசரும் அடைத்தார். எங்கள் வளவு மூலையிலிருந்து நேரே கடலுக்குள் கதியால் நட்டுக்கொண்டே போனார். குறுக்கே நின்ற களங்கட்டியைக் கழற்றிப் போட்டார்.

அடுத்தநாள் காலை எங்கள் முற்றத்தில் ஈரக் கதியால் கட்டு ஒன்று பொத்தென்று விழுந்தது. போட்டவர் பிலிப்பு அண்ணை. களங்கட்டி அவருடையது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"அண்ணை, கடலுக்கு வேலி போட்டிருக்கினம். கேட்டா உங்கடை மகளின்ரை சீதனமாம்" என்றார் அப்பாவிடம். சத்தம் போடவில்லை. "என்ரை அப்பன், பாட்டன் தொழில் செய்த இடமண்ணை. களங்கட்டியைப் புடுங்கிப்போட்டு இனி வரக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார் அந்த மனிசன். நேற்று என்ரை வீட்டிலை உலை வைக்கேல்லை. நீங்கள் ஆரின்ரை கடலை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ என்ன எழுதினனீ?"

அந்த நேரத்திலாவது வாயை மூடியிருக்கலாம். நான் உறுதிப் படியை எடுத்துவந்து விளக்கம் சொன்னேன். நாடுகள், சமவாயம், கடலை அளக்கத் தொடங்குகிற அடிக்கோடு எல்லாம் சொன்னேன். பிலிப்பு அண்ணை பொறுமையாகக் கேட்டார்.

"தங்கச்சி, ஆகக்கூடின வத்து எண்டு எழுதியிருக்கிறீர். எந்த வத்து?"

"எந்த வத்தெண்டா?"

"சோளகக் காத்து நேரத்து வத்தோ, மாரி வத்தோ? சோளகத்திலை தண்ணி அந்தக் கற்பாருக்கும் அங்காலை போயிடும். மாரியிலை உங்கடை தென்னையடியிலை நிக்கும். உம்மடை கோடு வருசம் முழுக்க நடந்து திரியுது. அதுக்கு எங்கை வேலி போடப்போறியள்?"

எட்டுப் பக்க விடையில் சோளகம் ஒரு இடத்திலும் இல்லை. உறுதியைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு ஓடினேன்.

அம்பலவாணர் தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தான் ஒப்பமிட்ட உறுதி ஒன்றை வாசித்தார்.

"அடி பெட்டை! அரசாங்கத்தின்ரை கடலைக் கொக்காவுக்கு எழுதிப்போட்டியே! வெள்ளம் ஏறுற மட்டத்துக்கு அங்காலை ஒருத்தற்றை காணியும் இல்லையடி. காணிச் சட்டத்திலை முதலாம் பாடம் உது. படிக்கேல்லையே?"

"எடுக்கேல்லை, சேர்."

"வேறை என்னத்தை எடுத்தனீ?"

"கடற் சட்டம்."

அவர் உறுதியை மேசையில் போட்டார். "அது தெரியுது" என்றார்.

கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "நீங்கள் வாசிச்சு விளங்கப்படுத்தினதெண்டு ஒப்பம் வைச்சிருக்கிறியள், சேர்."

"அது வழக்கமாப் போடுற வசனம்" என்றார், கூசாமல். என் வசனம் பிழை, அவருடைய வசனம் வழக்கம்! அன்றைக்கு அந்த ஆடுகிற கதிரையைத் தூக்கி எறியாமல் விட்டது என் பயிற்சிக் கடிதத்துக்காக மட்டும்தான்.

"செல்லாதுதானே சேர், அப்ப பரவாயில்லையோ?"

"செல்லாதுதான். ஆனா செல்லாதெண்டு வழக்குப் பேசி முடிக்க எத்தினை வருசம்? அதுவரைக்கும் அந்தக் களங்கட்டிக்காரன் எதைத் தின்னுறது? திருத்த உறுதி எழுத வேணும். கொப்பரும் கொக்காவும் கையெழுத்து வைக்க வேணும். அதுவும் தாலி ஏற முந்தி."

"ஏன் தாலி ஏற முந்தி?"

"தாலி ஏறினாப்பிறகு அவள் தன்ரை காணியிலை தனிய ஒண்டும் செய்யேலாது. மாப்பிள்ளை சம்மதமெண்டு ஒப்பம் வைக்க வேணும். தேசவழமை." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அதுவும் எடுக்கேல்லைத்தானே?"

கலியாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அக்கா உழைக்கிறவள். முப்பது பிள்ளைகளின் வரவு இடாப்பில் ஒவ்வொருநாளும் கையெழுத்து வைக்கிறவள். ஒரு நூலைக் கழுத்தில் கட்டியதும் அவளுடைய கையெழுத்துத் தனியாகச் செல்லாது! என் அம்மாவை, என் சின்னம்மாவை, எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் கட்டி வைத்திருந்த சட்டம் அது. என் வீட்டுக்குள் இருந்த அந்தச் சட்டத்தை, வகுப்பு எட்டு மணிக்கு என்பதற்காக நான் படிக்காமல் விட்டிருக்கிறேன். இந்த லட்சணத்தில் பெண்ணுரிமை மேடை வேறு!

பின்னேரம் நடராசரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். செய்தி அவருக்கு முதலே போயிருந்தது.

"உறுதியைத் திருத்தினா கலியாணத்தையும் திருத்த வேணும்" என்றார் கதிரையில் இருக்காமலே. "என்ரை கடை எரிஞ்சு சாம்பலாப் போச்சு. பொடியனுக்கெண்டு ஒரு பிடி மண் கூட வரட்டுமெண்டு பாத்தன். குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது என்ன நியாயம்?"

"அது மண்ணில்லை மாமா, தண்ணி" என்றேன்.

"எழுதினது நீதானே?"

அவர்மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவர் ஒன்றையும் களவெடுக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா தளர்ந்துபோனார். "கலியாணம் முடியட்டும். பிறகு ஆறுதலாப் பாப்பம்" என்றார். அம்மா அழத் தொடங்கினாள். கலியாணம் நின்றால் அக்காவுக்கு இன்னொன்று சரிவருமா என்பதுதான் அந்த வீட்டில் எல்லாருடைய பயமும். நான் திருத்த உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தமுறை பழையபடி, தெற்கு கடல் என்று மட்டும் எழுதியிருந்தேன்.

அக்கா குசினியிலிருந்து வந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"அப்பா, அந்தக் காணி ஆரின்ரை பேரிலை எழுதினது?"

"உன்ரை பேரிலைதான் பிள்ளை."

"அப்ப கடல் எனக்கு வேண்டாம்." என் கையிலிருந்த பேனையை வாங்கினாள். "தாலி ஏறினாப்பிறகு என்ரை கையெழுத்துத் தனியச் செல்லாதாம். இப்ப செல்லுந்தானே? இப்பவே வைக்கிறன்."

"பிள்ளை, யோசிச்சுச் செய்" என்றார் நடராசர்.

"யோசிச்சிட்டன், மாமா. பிலிப்பு அண்ணை வீட்டு அடுப்பிலை தண்ணி ஊத்திப்போட்டு எனக்கொரு கலியாணம் வேண்டாம். கடல்தான் வேணுமெண்டா உங்கடை மகனுக்கு வேறை இடத்திலை பாருங்கோ."

நடராசர் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் போனார். அக்கா அப்பாவோடு அம்பலவாணரிடம் போய், சாட்சிகளுக்கு முன்னால் கையெழுத்து வைத்தாள். தாளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். வைப்பதற்கு முன் என்னைப் பார்த்து, "இந்தமுறை எல்லாத்தையும் ஆறுதலா வாசி" என்றாள். ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.

இரண்டு நாள் மடத்துவெளியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பந்தற்காரர் வந்து, போடுவதா விடுவதா என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மத்தியானம் படலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. சிவபாலன். வவுனியாவிலிருந்து லீவில் வந்தவர், வீட்டில் கதையைக் கேட்டதும் புழுதியும் வேர்வையுமாக மிதித்து வந்திருந்தார். கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத் தனியாக வருவது வழக்கமில்லை. அதனால் படலைக்கு வெளியிலேயே நின்று அப்பாவிடம் சொன்னார்.

"மாமா, எனக்குக் கடல் வேண்டாம். எனக்கு நீந்தவும் தெரியாது."

அறைக்குள் அக்கா சிரித்த சத்தம் படலை வரைக்கும் கேட்டது. கலியாணம் சொன்ன நாளில் நடந்தது. நடராசர் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பந்தியில் இருந்து சாப்பிட்டார். அடுத்தநாள் பிலிப்பு அண்ணை ஒரு கூடை ஓராமீன் கொண்டுவந்து தந்துவிட்டு, "தங்கச்சி, இனிக் கரையோடை நில்லும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்பலவாணர் என் பயிற்சியை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். பிழை முழுவதும் பெட்டையினுடையது என்று ஊர்காவற்றுறை முழுக்கச் சொன்னார். அந்த ஆறு மாதத்தில் தேசவழமையைக் காலை எட்டு மணிக்கு எழும்பி இருந்து நானே படித்தேன்.

இப்போது எங்கள் குடும்பம் நாலு நாட்டில் இருக்கிறது. எங்கே கூடினாலும் மீன்குழம்பு மேசைக்கு வந்ததும் யாராவது ஒரு பிள்ளை தொடங்கிவிடும்: "சித்தி, இது ஆரின்ரை காணியிலை பிடிச்ச மீன்?" எல்லாரும் சிரிப்பார்கள். அத்தான்தான் ஆகப் பெரிதாகச் சிரிப்பார். நீந்தத் தெரியாது என்ற வசனத்தை ஒவ்வொருமுறையும் நடித்துக் காட்டுவார்.

சில வருடத்துக்கு முன் அக்கா அந்தக் கரைவளவில் பாதியைப் பிலிப்பு அண்ணையின் மகளுக்குக் கொடுக்க விரும்பினாள். உறுதியை நான்தான் எழுதினேன். அத்தானின் சம்மதம் என்று ஒரு வரி அதில் எழுதவேண்டியிருந்தது. அவர் வாசிக்காமலே ஒப்பம் வைத்தார். என்ன நல்ல மனிசன் என்றார்கள் எல்லாரும். நல்ல மனிசன்தான். அதுதான் எனக்குக் கோபம். நல்ல மனிசனாக இல்லாமலிருந்தால்? இதைக் கேட்டேன். இவளுக்கு எப்பவும் கோபம்தான் என்று மீனைப் பரிமாறினார்கள்.

போன வருடமும் கதை ஓடியது. பிள்ளைகள் அத்தானைச் சுற்றி நின்று கைதட்டின. அக்கா என்னோடு குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் கடலைத்தான் சொல்லுதுகள்" என்றாள் தண்ணிக் குழாயை மூடாமலே. "அண்டைக்கு வைச்சதுதானடி, என்ரை காணிக்கு நான் தனிய வைச்ச கடைசிக் கையெழுத்து."